சொல்லாமல் வைத்த சேதி: ‘இன்சிரியேட்டட்’ படம், ஒரு நிகழ்வு ஆய்வு

காலை நேரம். சமீர் படியிறங்கிப் போய் அதிக நேரம் ஆகவில்லை. கீழே கார் நிறுத்தும் திறந்தவெளியைக் கடக்கும்போது எங்கோ ஒளிந்திருக்கும் ஸ்னைப்பரின் குண்டு அவனைச் சாய்க்கிறது. மேலே ஜன்னலோரம் நின்ற வீட்டுவேலைப் பெண் டெல்ஹானி அதைப் பார்த்துவிடுகிறாள். சமீரின் மனைவி ஹலீமா கைக்குழந்தையோடு அதே வீட்டில், உள்ளறையில்தான் இருக்கிறாள். டெல்ஹானி ஓடிப்போய்ச் சொல்வது ஹலீமாவிடம் அல்ல, வீட்டுக்காரி உம் யாஸனிடம். அவள் ஒரு கணம் யோசிக்கிறாள். பிறகு, இதை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று டெல்ஹானியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறாள்.

‘இன்சிரியேட்டட்’ படத்தின் முழுப் பாரமும் இந்த ஒரு தீர்மானத்தின் மேல்தான் நிற்கிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிலிப் வான் லீயூ எழுதி இயக்கிய அரபு மொழிப் படம் இது. பெல்ஜியம், பிரான்ஸ், லெபனான் ஆகிய மூன்று நாட்டுக் கூட்டுத் தயாரிப்பு. கதை நடப்பது டமாஸ்கஸில், படம்பிடித்தது பெய்ரூத்தில். ஓட்டம் சுமார் 85 நிமிடம், கதைக்காலம் ஒரே நாள். 2017 பெர்லின் திரைப்பட விழாவின் பனோரமா பிரிவில் பார்வையாளர் விருது பெற்றது. அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் மக்ரித் விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட ஆறு விருதுகள் கிடைத்தன. பிரான்சில் ‘ஒரு சிரியக் குடும்பம்’ என்ற பொருள்படும் பெயரிலும், ஜெர்மனியில் ‘உள்ளே வாழ்தல்’ என்பதுபோல ஒலிக்கும் பெயரிலும் வெளியானது. ஜெர்மன் பெயரே பொருத்தமானது. படம் சிரியாவைப் பற்றியது என்பதைவிட, வெளியே போக முடியாத ஒரு வீட்டைப் பற்றியது.

போர்ப் படம் என்றதும் மனதில் வரும் டாங்கி, அணிவகுப்பு, இடிபாடுகளின் அகலக் காட்சி எதுவும் இதில் இல்லை. குடித்தனம் நடத்துகிற வேலைதான் இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு மிச்சம், கதவைத் தாழிட்டாயிற்றா, ஜன்னல் பக்கம் போனது யார், போன் கிடைக்கிறதா. இந்தக் கேள்விகளை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பவள் உம் யாஸன். ‘உம்’ என்றால் தாய். யாஸனின் அம்மா. நம் ஊரில் ‘முருகன் அம்மா’ என்று கூப்பிடுவது மாதிரி, அரபு வழக்கில் மகன் பெயரை வைத்தே பெண்ணை அழைப்பார்கள். ஹியாம் அப்பாஸ் இந்தப் பாத்திரத்தை ஏற்றிருக்கிறார். 1960-ல் நாசரேத்தில் பிறந்த பாலஸ்தீன நடிகை. முகத்தில் பாசத்தைக் காட்டாமல் பாசத்தை நடிக்கத் தெரிந்தவர்.

வீட்டுக்குள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிக்கொள்வது நல்லது, ஏனென்றால் மற்றக் கணக்கெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. உம் யாஸன், மாமனார் முஸ்தஃபா, மகள்கள் யாரா, அலியா, சின்னப் பையன் யாஸன், யாராவின் காதலன் கரீம், வேலைப்பெண் டெல்ஹானி. இவர்களோடு, மேல்மாடியில் குடியிருந்து, அந்த வீடு குண்டடிபட்டதால் இங்கே அடைக்கலம் வந்த ஹலீமா, சமீர், அவர்களின் குழந்தை. மொத்தம் பத்து உயிர். வீட்டுக்காரன் மொன்ஸெர் வெளியே எங்கோ இருக்கிறான். அவனைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை.

பத்து பேருக்கு எவ்வளவு தண்ணீர்? பேரிடர் நிவாரணப் பணியில் இருப்பவர்கள் கையில் வைத்திருக்கும் ஸ்பியர் கையேடு தலைக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்கிறது. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்துத்தான். உயிர் தங்கினால் போதும் என்றால் குடிக்கவும் உணவுக்குமாக இரண்டரை முதல் 3 லிட்டர். அப்படியானால் இந்த வீட்டுக்கு ஒழுங்காக 150 லிட்டர் வேண்டும், கடைசிபட்சம் 30 லிட்டர். 150 லிட்டர் என்பது 20 லிட்டர் கேன் கணக்கில் ஏழரைக் கேன். ஒவ்வொன்றும் நிறைந்தால் 20 கிலோவுக்கு மேல். மின்சாரம் இல்லாத கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது, படியேறித்தான் தூக்க வேண்டும். அதற்கு முன் ஸ்னைப்பர் பார்வைபடும் முற்றத்தைக் கடக்க வேண்டும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், உம் யாஸன் எதற்கெடுத்தாலும் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவது கொடுமையாகத் தெரியாது. ஒரு சொம்புத் தண்ணீரை வீணாக்குவது, யாரோ ஒருவரை வெளியே அனுப்புவதற்குச் சமம். திரைக்கதை இந்தக் கணக்கை எங்கும் விளக்குவதில்லை. அவள் குரலின் எரிச்சலில் அது தானாக வருகிறது.

அடுத்தது வாசல்கதவு. பூட்டு, தாழ்ப்பாள், அவற்றுக்கு மேல் குறுக்குக் கட்டைகள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கட்டைகளை எடுக்க வேண்டும், மூடும்போது திரும்பப் போட வேண்டும். சாதாரண இயக்குநர் இதை ஒரு தடவை காட்டிவிட்டு, அடுத்த தடவை வெட்டிவிடுவார். வான் லீயூ வெட்டாமல் வைத்திருப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. கட்டை எடுக்கிற நேரம் எவ்வளவு என்பது நம் உடம்புக்குப் பழகிவிடுகிறது. யாராவது தட்டும்போது, வீட்டார் அசையாமல் நிற்கும் அந்த நேரத்தை நாமும் எண்ண ஆரம்பித்துவிடுகிறோம். பொருள் ஒன்றை முதலில் வேலை செய்ய வைத்து, பிறகு தோற்க வைப்பது பழைய நாடக உத்திதான். இங்கே அந்தப் பொருள், சாதாரண வீடுகளில் யாரும் கவனிக்காத கதவுக்கட்டை என்பதுதான் புதிது.

குண்டு விழும்போது எல்லோரும் ஓடுவது சமையலறைக்கு. முற்றுகைக்குள் வாழ்ந்தவர்கள் பல ஊர்களில் ஒரே விதியைச் சொல்வார்கள்: உனக்கும் தெருவுக்கும் நடுவில் இரண்டு சுவர் இருக்க வேண்டும். முதல் சுவர் வெடியின் வேகத்தை வாங்கும், அதிலிருந்து தெறிக்கும் சில்லுகளை இரண்டாவது சுவர் வாங்கும். ஜன்னல் கண்ணாடிமேல் பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டுவது மன ஆறுதலுக்குத்தான். கண்ணாடி உடையத்தான் செய்யும், துண்டுகள் கொஞ்சம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழும், அவ்வளவே. பெய்ரூத், டமாஸ்கஸ் நகரங்களின் பழைய அடுக்ககங்களில் வரவேற்பறை தெருவைப் பார்த்திருக்கும், சமையலறை பின்பக்கம் ஒதுங்கியிருக்கும். அதனால் இந்தத் தேர்வு நியாயமானது. ஆனால் சமையலறையில் எரிவாயு சிலிண்டர், பீங்கான், சுவர் ஓடு எல்லாம் உண்டு. வெடியதிர்ச்சியில் இவை ஒவ்வொன்றும் தனி ஆபத்து. நிவாரணக்காரர்களைக் கேட்டால் ஜன்னலில்லாத நடைவழிதான் முதலில் என்பார்கள். இந்த வீட்டுக்குச் சமையலறை ஏன் என்றால், உள்ளிருந்து கதவை அடைக்க முடிகிற இடம் அது. குண்டுக்கு அஞ்சித் தேர்ந்த அறை, பின்னால் மனிதர்களுக்கு அஞ்சி ஒளியும் அறையாகிறது. அடைத்த கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் தப்புவார்கள், அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவள் மாட்டிக்கொண்டவள்தான்.

இப்போது அந்தத் தீர்மானத்துக்கு வருவோம்.

உம் யாஸன் கையில் அந்தக் காலையில் இருந்த தகவல்கள் மிகக் கொஞ்சம். பார்த்தவள் ஒருத்தி. அதுவும் தூரத்திலிருந்து, சில வினாடி. சமீர் விழுந்தான் என்பது உறுதி, இறந்தான் என்பது ஊகம். ஸ்னைப்பர் இன்னும் அங்கே இருக்கிறான். பகல் வெளிச்சம் போக நெடுநேரம் இருக்கிறது. வீட்டில் மருத்துவம் தெரிந்தவர் யாரும் இல்லை. ஹலீமாவுக்குத் தெரிந்தால் அவள் வெளியே ஓடுவாள், இரண்டாவது உடலும் அங்கே விழும், தாயில்லாக் குழந்தை ஒன்று வீட்டில் மிஞ்சும். உம் யாஸனின் வாதம் இதுதான். இதில் ஓட்டை கண்டுபிடிப்பது சுலபமில்லை. ஸ்னைப்பர்கள் விழுந்தவனைத் தூண்டில் இரையாக வைத்துக்கொண்டு, தூக்க வருகிறவர்களைச் சுடுவது பல போர்களில் பதிவான வழக்கம்.

ஆனாலும் ஓட்டை இருக்கிறது, ஒன்றல்ல.

விழுந்தவன் உயிரோடு இருக்கிறானா என்று யாரும் மறுபடி பார்க்கவில்லை என்பது முதல் பிழை. தொடையிலோ கையிலோ பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வயிற்றிலோ தோளிலோ பட்டிருந்தால் மணிக்கணக்கில் உயிர் இருக்கலாம். திரைச்சீலை இடுக்கு வழியாக, அரை மணிக்கொரு தரம், ஒரே இடத்தில் நிற்காமல் மாறி மாறிப் பார்த்திருந்தால், கை அசைந்ததா, உடல் கிடந்த இடம் மாறியதா என்பதாவது தெரிந்திருக்கும். ‘இறந்துவிட்டான்’ என்று வைத்துக்கொண்டதால் பார்க்கத் தேவையில்லை என்றாகிறது. பார்க்காததால் இறந்துவிட்டான் என்பதே நிலைக்கிறது. ஊகம் இப்படித்தான் செய்தியாகிறது. சமீரின் கதி என்ன என்பதைப் படம் பின்பகுதிக்கு ஒத்திவைத்திருக்கிறது. பார்க்கப்போகிறவர்களுக்காக அதை இங்கே உடைக்கவில்லை.

சொல்லாமல் வைக்கலாம், ஆனால் எப்போது சொல்வது என்பதை அப்போதே தீர்மானித்துவிட வேண்டும். இது இரண்டாவது. துக்கச் செய்தியைத் தள்ளிவைப்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. நேரம் குறிக்காத தள்ளிவைப்பு, ஒவ்வொரு மணி நேரமும் கனம் கூடிக்கொண்டே போகும். காலையில் சொல்லியிருந்தால் அது சமீரைப் பற்றிய செய்தி மட்டும். மாலையில் தெரியவரும்போது, இத்தனை நேரம் என்னோடு உட்கார்ந்திருந்த நீங்கள் எல்லோரும் யார் என்ற கேள்வியாகவும் அது மாறிவிடுகிறது.

மூன்றாவதைத்தான் திரைக்கதை கூர்மையாகப் பயன்படுத்துகிறது. ஹலீமா அன்றைய நாளைப் பொய்யான தகவலின்மேல் நடத்துகிறாள். அன்றிரவே பெய்ரூத்துக்குத் தப்பிப் போவதாக அவர்களுக்குத் திட்டம். அதை ஏற்பாடு செய்யத்தான் சமீர் வெளியே போனான். அவன் வந்துவிடுவான் என்று அவள் பையைக் கட்டுகிறாள், குழந்தையின் துணிமணிகளை எடுத்துவைக்கிறாள். டெல்ஹானி அதே அறை வழியாகப் போய்வருகிறாள். பார்வையாளருக்கும் உண்மை தெரியும். இடையில் யாரும் அழவில்லை, பின்னணி இசை உருகவில்லை. ஒருத்தி துணி மடிக்கிறாள், இன்னொருத்தி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கடந்துபோகிறாள். இதைவிட இறுக்கமான காட்சி படத்தில் குறைவு.

ஹலீமாவாக நடித்த லெபனான் நடிகை டயமாண்ட் பூ அபூத்துக்கு 2017 கெய்ரோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. அதே ஆண்டு வந்த ‘தி இன்சல்ட்’ படத்தில் வழக்கறிஞராக வாயடித்தவரும் இவர்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே ஆள் என்று நம்புவது கடினம்.

இனி ஒலி. முழுக்க வீட்டுக்குள் நடக்கும் படத்தில் போர் என்பது காதில் மட்டும்தான் இருக்கிறது. அதைச் செய்வதில் எங்கே பிழைக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் குறைந்த செலவில் போர்ப் படம் எடுக்க நினைப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒலி வினாடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் வெடித்தால் வெளிச்சம் தெரிந்து ஏறக்குறைய 3 வினாடி கழித்துத்தான் சத்தம் வரும். நிலத்தின் வழியே வரும் அதிர்வு காற்றில் வரும் சத்தத்தைவிட வேகமானது. எனவே மேசைமேல் தேநீர்க் கோப்பைக்குள் இருக்கும் கரண்டி முதலில் கிணுகிணுக்கும், அப்புறம் ‘தும்’ கேட்கும். ஸ்னைப்பர் துப்பாக்கிக்கு இது தலைகீழ் வரிசை. குண்டு ஒலியைவிட வேகமாக வரும். 300 மீட்டர் தூரத்திலிருந்து சுட்டால் குண்டு வந்துசேர 0.4 வினாடி, துப்பாக்கிச் சத்தம் வந்துசேர கிட்டத்தட்ட 0.9 வினாடி. குறியருகே நிற்பவர் காதில் முதலில் சாட்டை சொடுக்கியது மாதிரி ஒரு ‘டக்’, அரை வினாடி கழித்து மந்தமான ‘டொப்’. ஆள் விழுவது ‘டொப்’புக்கு முன்னாலேயே நடந்துவிடும். நம் படங்களில் வெடிச் சத்தமும் விழுவதும் ஒரே பிரேமில் நடக்கும், அதனால்தான் அவை பட்டாசுபோல இருக்கின்றன.

சுவர் செய்யும் வேலை இன்னொன்று. கூர்மையான ஒலிகளைச் சுவர் உறிஞ்சிவிடும், கனமான, தாழ்ந்த அடி ஒலிகளை உள்ளே விடும். ஜன்னல் மூடியிருக்கும்போது வெளிச் சத்தங்களில் 400, 500 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள கூர்மையான பகுதியைக் கழித்துவிட்டு, யாராவது ஜன்னலைத் திறந்த கணத்தில் அதை முழுதாகத் திருப்பிக் கொடுத்தால், கேமரா நகராமலேயே பார்ப்பவர் உடம்பு பின்வாங்கும். ஒரு கதவைச் சாத்துவது இவ்வளவு பெரிய நிம்மதியைத் தரும் என்பதை வசனத்தால் சொல்ல முடியாது.

இதற்கெல்லாம் முன்னால், பதிவு செய்யும் வீடு அமைதியாக இருக்க வேண்டும். கதைப்படி அங்கே மின்சாரம் தட்டுப்பாடு. ஒரு ஃப்ரிட்ஜ் உறுமினால்கூடக் கதை பொய்யாகிவிடும். ஒலிப்பதிவாளர்கள் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுத் தங்கள் கார் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது மறக்காமல் திறப்பார்கள், மறக்காமல் போட்டுவிடுவார்கள். படம் எடுத்த காலத்தில் பெய்ரூத்தில் கூடுதல் தொல்லை ஒன்று இருந்தது. அந்த நகரத்தில் அப்போது தினமும் சில மணி நேரம் மின்வெட்டு, உடனே தெருவெங்கும் ஜெனரேட்டர்கள் கிளம்பிவிடும். அங்கே அமைதிக் காட்சியைப் பதிய வேண்டுமென்றால் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் அறையிலும் யாரும் பேசாத வெறும் ஒலியை ஒரு நிமிடமாவது தனியாகப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். நாலறை வீட்டில் நாலு அறைக்கும் நாலு மௌனம்.

ஒளிப்பதிவு விர்ஜினி சுர்தே. கேமரா ஆட்களைப் பின்தொடர்ந்து அறைக்கு அறை போகிறது, நடைவழியில் எதிர்ப்படுபவரிடம் தாவுகிறது. நமக்கும் வீட்டின் வரைபடம் மனப்பாடமாகிறது. நீளமான ஷாட்டுகளை வைத்துச் சாகசம் காட்டும் எண்ணம் இதில் இல்லை. எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதானே அந்தக் கதவுக்கு அப்பால் நடப்பது நமக்கு வலிக்கும்.

வான் லீயூவே அடிப்படையில் ஒளிப்பதிவாளர் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ப்ரூனோ துமோனின் முதல் படத்துக்கு 1997-ல் ஒளிப்பதிவு செய்தவர். இயக்குநராக 2009-ல் அவர் எடுத்த முதல் படமும் போருக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியதுதான். அது ருவாண்டா இனப்படுகொலைக் காலம்.

ஒரே வீட்டில் எடுக்கும்போது ஒளியில் வரும் பெரிய சிக்கல் ஜன்னல். நண்பகலில் வெளி வெளிச்சத்துக்கும் உள் வெளிச்சத்துக்கும் ஆறு ஸ்டாப் வித்தியாசம் வந்துவிடும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு, ஆறு ஸ்டாப் என்றால் 64 மடங்கு. உள்ளே முகம் தெரியும்படி வைத்தால் ஜன்னல் வெள்ளைத்தாளாக வெளிறும். ஜன்னலைச் சரிசெய்தால் முகம் கருத்துப்போகும். 0.9 அடர்த்தியுள்ள சாம்பல் ஜெல் தாளைக் கண்ணாடிமேல் ஒட்டினால் 3 ஸ்டாப் குறையும். ஆனால் காற்றில் அது படபடத்தால் கேமராவில் தெரியும், மைக்கிலும் கேட்கும். இந்தக் கதைக்கு ஓர் அதிர்ஷ்டம்: ஸ்னைப்பருக்குப் பயந்து திரைச்சீலைகளை இழுத்து மூடித்தான் ஆக வேண்டும். கதையின் தேவையும் ஒளிப்பதிவின் தேவையும் ஒன்றாகிவிடுகின்றன. திரை விலகும் ஒவ்வொரு முறையும் வெளிச்சமே ஆபத்தாகக் கண்ணில் அடிக்கிறது.

லென்ஸ் தேர்விலும் புதியவர்கள் ஏமாறுவார்கள். இடம் குறுகலாக இருக்கிறதே என்று 18, 24 மில்லிமீட்டர் அகல லென்ஸ் போட்டால் நடைவழி ரயில் பிளாட்பாரம் மாதிரி நீண்டுவிடும். அடைபட்ட உணர்வு போயே போய்விடும். சுவரில் முதுகு இடித்தாலும் பரவாயில்லை என்று 35, 40 மில்லிமீட்டரில் நின்றால்தான் தோளும் கதவுநிலையும் ஃப்ரேமை அடைக்கும். முடிந்தால் கதை வரிசையிலேயே படம்பிடிக்க வேண்டும். ஒரே நாள் கதையில் தலைமுடி கலைவதும், சட்டைக் காலரில் அழுக்கு ஏறுவதும், கண்ணுக்குக் கீழ் கருமை படிவதும் மணி நேரக் கணக்குப்படி நடக்க வேண்டும். மாற்றி மாற்றி எடுத்தால் இதைக் கண்காணிக்கவே ஓர் ஆள் தேவைப்படும்.

படத்தின் நடுவில் இருக்கும் காட்சியைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. ஆட்கள் உள்ளே புகுந்துவிடுகிறார்கள். குடும்பம் சமையலறைக்குள் ஒடுங்கிக் கதவை அடைத்துக்கொள்கிறது. ஹலீமா அதற்குள் வந்துசேரவில்லை. வெளியே அவளுக்கு நடப்பதை உள்ளே இருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கதவைத் திறந்தால் இரண்டு பெண்பிள்ளைகளும் அவர்கள் கையில். திறக்காவிட்டால் அவள் மட்டும். உம் யாஸன் அன்று இரண்டாவது முறையாக ஹலீமாவைக் கணக்கில் கழிக்கிறாள். காலையில் மறைத்தது அவளைக் காப்பாற்ற என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது அப்படிச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. முதல் தீர்மானம் சரியா என்று தயங்கிக்கொண்டிருந்த பார்வையாளரை இரண்டாவது தீர்மானம் பிடித்து உலுக்குகிறது. இரண்டையும் எடுத்தது ஒரே ஆள், ஒரே அளவுகோல்: என் பிள்ளைகள் முதலில்.

இது கதாசிரியரின் கற்பனைக் கொடூரம் என்று சிலர் குறைபட்டார்கள். ஐ.நா.வின் சிரியா விசாரணை ஆணையம் 2018 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, வீட்டுச் சோதனைகளின்போதும் சோதனைச் சாவடிகளிலும் தடுப்புக் காவலிலும் பெண்கள்மீது நடத்தப்பட்ட பாலியல் வன்முறையைப் பதிவு செய்திருக்கிறது. ஆகவே அப்படி நடக்குமா என்பது கேள்வியே இல்லை. எடுத்த விதம்தான் கேள்வி. நம் பார்வையில், அந்தக் காட்சியின் வலு சமையலறைக்குள் இருக்கிறது. அசையாமல் உட்கார்ந்திருக்கும் முகங்கள், காதைப் பொத்துவதா வேண்டாமா என்று தெரியாத பிள்ளைகள். கேமரா ஹலீமாவின் பக்கம் போகும்போதெல்லாம் அது சற்றுக் கூடுதல் நேரம் தங்குகிறது. படம் அதுவரை தன் ஒலிமேல் வைத்திருந்த நம்பிக்கையை அங்கே கொஞ்சம் இழந்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

இப்படிப்பட்ட காட்சியை இன்று எடுப்பவர்கள் செய்ய வேண்டியது தெளிவாக இருக்கிறது. 2018-க்குப் பிறகு பல நாடுகளில் அந்தரங்கக் காட்சி ஒருங்கிணைப்பாளர் என்ற பணியிடமே வந்துவிட்டது. எந்தக் கை எங்கே படும் என்பதற்கு முன்கூட்டியே நடிகையிடம் எழுத்தில் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். படப்பிடிப்பில் அவசியமான சிலர் மட்டும், மானிட்டரைச் சுற்றிக் கூட்டம் கிடையாது. நடிகை எந்த நிமிடத்திலும் நிறுத்தலாம். எடுத்து முடித்ததும் அன்றைக்கு வேறு காட்சி வைக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதைத்தான் தயாரிப்பாளர்கள் முதலில் மீறுவார்கள், அரை நாள் செலவு என்று.

அரசியல் பக்கம் இன்னொரு குறை சொல்லப்பட்டது. உள்ளே வந்தவர்கள் யார், எந்தத் தரப்பு, யார் முற்றுகையிட்டிருக்கிறார்கள் என்று படம் சொல்வதில்லை. சிரியப் போர் 2011-ல் தொடங்கியது. ஹோம்ஸ், கிழக்கு அலெப்போ, கிழக்கு கூத்தா என்று முற்றுகைகளுக்கு ஊர்ப்பெயர்களும் பொறுப்பாளிகளும் உண்டு. எல்லாத் தரப்பும் ஒன்றே என்ற தோற்றம் உண்மைக்குத் துரோகம் என்பது சிரியர் பலரின் கோபம், அது நியாயமானதும்கூட. மறுபக்கம், கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பவளுக்குத் தட்டுபவன் எந்தத் தரப்பு என்று தெரியாது என்பதும் உண்மை. படம் அவளுக்குத் தெரிந்ததை மட்டுமே நமக்குத் தருகிறது. அதனால் கிடைத்த இறுக்கத்துக்கு, விளக்கத்தை விலையாகக் கொடுத்திருக்கிறது. ‘எந்தப் போர்’ என்று கேட்பவர் வேறு படம் தேட வேண்டியதுதான்.

டெல்ஹானியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஜூலியெட் நாவிஸ் நடித்த இந்தப் பாத்திரம்தான் எல்லாவற்றுக்கும் ஒரே சாட்சி. அவள் வேறு நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவள். இந்தப் போர் அவளுடையதல்ல, இந்த வீடும் அவளுடையதல்ல. ரகசியத்தைக் காக்கும் சுமை மட்டும் அவளுடையது. வீட்டுக்காரி சொன்னால் மறுக்க முடியாது. ஹலீமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவ வேண்டும். உம் யாஸன் தன் தீர்மானத்தைத் தானே சுமப்பதாக நினைக்கிறாள், ஆனால் அதில் பாதியைச் சம்பளத்துக்கு இருப்பவள் தலையில் ஏற்றிவைத்திருக்கிறாள். இது தமிழ் வாசகருக்கு அந்நியமான விஷயம் அல்ல. இலங்கையிலிருந்து வளைகுடாவுக்கும் லெபனானுக்கும் ஜோர்தானுக்கும் வீட்டுவேலைக்குப் போன பெண்கள் ஏராளம். 2006 ஜூலையில் இஸ்ரேல் லெபனான்மீது குண்டு வீசியபோது, கடவுச்சீட்டு எஜமானர் கையில் இருந்ததால் வெளியேற முடியாமல் தவித்தவர்களில் இலங்கைப் பெண்கள் பலர். லெபனானின் 1946-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டுவேலையாட்களைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. முற்றுகையிட்ட வீட்டுக்குள் இன்னொரு பூட்டு அவர்களுக்கு மட்டும் இருந்தது. படம் இந்தச் சரடைத் தொட்டுவிட்டு விட்டுவிடுகிறது. அவள் பார்த்ததை இரண்டாம் முறை யாரும் அவளிடம் கேட்பதில்லை. விழுந்தவனை யாரும் மறுபடி பார்க்கவில்லை என்று மேலே சொன்ன முதல் பிழைக்கும் இதுதான் காரணம். வேலைக்காரியின் கண் சேதி கொண்டுவரலாம், விசாரணைக்கு அது போதாது.

தாத்தா முஸ்தஃபா ஜன்னலோரம் புகைத்துக்கொண்டு வெளியே பார்ப்பதில் தொடங்கும் படம் கடைசியில் அவரிடமே திரும்பி வருகிறது. வீட்டில் ஜன்னலுக்குப் போக அனுமதி கேட்காத ஒரே ஆள் அவர். வயதானதால் யாரும் தடுப்பதில்லை.

திரையிட நினைக்கும் சங்கங்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. பாலியல் வன்முறைக் காட்சி இருப்பதை அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள், அரங்க வாசலில் சொல்வது தாமதம். வாசல்கதவுகளை எண்ணெய் போட்டு வையுங்கள். நடுவில் எழுந்து போகிறவர்கள் கதவைச் சாத்தும் சத்தம் மற்றவர்களைத் தூக்கிவாரிப் போடும். வீட்டில் பார்ப்பவர்கள் செல்பேசி ஸ்பீக்கரில் பார்க்க வேண்டாம். அதில் அடியொலிகள் அநேகமாக வராது. தூரத்து வெடிகள் போய்விடும், தரையின் அதிர்வு போய்விடும், மிச்சமிருப்பது ஒரு நாள் பூராவும் பிள்ளைகளை அதட்டிக்கொண்டே இருக்கும் ஓர் அம்மா.